கரப்பான் அடங்கவில்லையா? அலர்ஜி நிபுணரிடம் எப்போது போவது, எப்படிப் போவது: கம்பம், குமுளி பக்கத்தவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

அலர்ஜி டெஸ்ட் எடுத்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்துவிடும், அதை நிறுத்திவிட்டால் தோல் தானாகச் சரியாகிவிடும். இந்த நம்பிக்கையில்தான் நம் பக்கத்தில் பலரும் மதுரைக்கும் கோட்டயத்துக்கும் பஸ் ஏறுகிறார்கள். போய் வந்த பிறகு கையில் நாலு பக்க ரிப்போர்ட், வீட்டில் பால் இல்லை, முட்டை இல்லை, கடலை இல்லை. அரிப்பு மட்டும் அப்படியே இருக்கும். இன்னொரு பக்கம், உண்மையிலேயே அலர்ஜி நிபுணரைப் பார்க்க வேண்டியவர்கள் மருந்துக்கடையில் ட்யூப் வாங்கித் தேய்த்துக்கொண்டே வருடங்களை ஓட்டுகிறார்கள். இந்த இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எக்ஸிமா என்று டாக்டர்கள் சொல்வதும் நம் வீட்டுப் பெரியவர்கள் கரப்பான் என்பதும் பெரும்பாலும் ஒன்றுதான். அடிப்படைக் கோளாறு தோலிலேயே இருக்கிறது. தோலின் மேல்படலம் ஈரத்தைப் பிடித்துவைக்க முடியாமல் காய்ந்து வெடிக்கிறது, அந்த வெடிப்பு வழியாகத் தூசியும் கிருமியும் உள்ளே போய் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைச் சீண்டுகின்றன. ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் குறை இருப்பவர்களுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது என்பதை 2006-ல் கண்டுபிடித்தார்கள். அதாவது பல பேருக்கு அலர்ஜி என்பது கெட்டுப்போன தோலின் விளைவாக, பின்னால் வருவது. அதனால் தோலைச் சரிசெய்யாமல் டெஸ்ட்டில் மட்டும் விடை தேடினால் கிடைக்காது.

படி 1: இது எக்ஸிமாதானா என்று முதலில் பாருங்கள்

ஏலத்தோட்டத்து லயங்களில் ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீடுகளில், எல்லோரும் ராத்திரியில் சொறிகிறார்கள், விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிப் பொடிப்பொடியாக இருக்கிறது என்றால் அது சிரங்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்கு மருந்து வேறு, வீட்டில் அத்தனை பேரும் ஒரே நாளில் போட வேண்டும். வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து பரவினால் படர்தாமரை. இரண்டுக்கும் எக்ஸிமா மருந்தான ஸ்டீராய்டைத் தேய்த்தால் கொஞ்ச நாள் அடங்கின மாதிரி இருந்து பிறகு பிய்த்துக்கொண்டு பரவும்.

மருந்துக்கடையில் "எல்லாத்துக்கும் கேட்கும்" என்று நீட்டும் ட்யூப்களில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்திருக்கும். இந்தப் பழக்கத்தால்தான் ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை 2018-ல் மத்திய அரசு மருந்துச் சீட்டு கட்டாயமான ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. கடையில் இன்னும் சும்மா கிடைக்கிறது என்பது வேறு கதை.

பெரியவர்களுக்கு, முன்பு எதுவுமே இல்லாமல் நாற்பது ஐம்பது வயதில் புதிதாக உடம்பெல்லாம் வந்தால் அதை எக்ஸிமா என்று எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். தோலில் படும் ஏதாவது ஒரு பொருளால் வரும் ஒட்டு ஒவ்வாமையிலிருந்து அரிதான தோல் புற்றுநோய் வரை வேறு காரணங்கள் இருக்கலாம், தோல் டாக்டர் ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

படி 2: இதுவரை செய்தது சரியான சிகிச்சையா?

"எல்லா மருந்தும் பார்த்தாச்சு, எதுவும் கேட்கலை" என்று சொல்பவர்களிடம் ட்யூப்பை எடுத்து வரச் சொன்னால், மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய 15 கிராம் ட்யூப்பில் பாதி மீதி இருக்கும். மருந்து தோற்கவில்லை, அது தோலுக்குப் போய்ச் சேரவே இல்லை. நிபுணரிடம் போனாலும் அவர் முதலில் இதைத்தான் கேட்பார், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

குளியல் வெதுவெதுப்பான தண்ணீரில், ஐந்து பத்து நிமிடம் போதும். குமுளிக் குளிரில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்ளும்போது சுகமாக இருக்கும், அரை மணி நேரத்தில் அரிப்பு இரட்டிப்பாகும். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். வெள்ளை வாசலின் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. அளவுதான் முக்கியம்: உடம்பு முழுக்கப் பாதிப்பு உள்ள பெரியவருக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை செலவாகும். தேங்காய் எண்ணெய் வெடிப்பில்லாத இடத்துக்கு நல்லது, லேசான, நடுத்தர எக்ஸிமாவில் அது உதவுகிறது என்று ஆய்வுகளும் இருக்கின்றன. குப்பைமேனியும் உப்பும் அரைத்துப் பூசுவது, பச்சிலைச் சாறு பிழிவது இதெல்லாம் சதை தெரியும் புண்ணில் வேண்டவே வேண்டாம்.

அடுத்து ஸ்டீராய்டு களிம்பு. பயந்துகொண்டு மிளகு அளவு தடவுவதும் தப்பு, பவுடர் மாதிரி முகம் முழுக்கப் பூசுவதும் தப்பு. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ட்யூப்பைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். அது இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குப் போதும். எந்த வீரியம், எத்தனை நாள் என்பதை டாக்டர் எழுதித் தர வேண்டும். முகம், அக்குள், தொடை இடுக்குக்குக் குறைந்த வீரியம், அல்லது ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு. தினமும் போட்டு தோல் தெளிந்த பிறகு, அடிக்கடி திரும்ப வரும் இடங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் தொடர்ந்து போடச் சொல்வதும் உண்டு. இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் "போட்டா போகுது, விட்டா வருது" என்கிறார்கள்.

அப்புறம் அந்த ஊசி. "ஒரே ஊசியில் பத்து நாளுக்கு அரிப்பே இல்லை" என்று சொல்லப்படும் ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். விட்டதும் முன்பைவிட மோசமாகத் திரும்பும். குழந்தைக்கு அடிக்கடி போட்டால் வளர்ச்சியையே பாதிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஊசிக்காகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்றால், நிபுணரைப் பார்க்க அதுவே போதுமான காரணம்.

இத்தனையும் ஒழுங்காக இரண்டிலிருந்து நான்கு வாரம் செய்தும் அடங்கவில்லையா? சரி, அடுத்த படி.

படி 3: ஏழு கேள்வி, ஒரு மதிப்பெண்

நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உருவான போயம் என்ற அளவுகோல் இருக்கிறது, வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் அரிப்பு, எத்தனை நாள் தூக்கம் கெட்டது, எத்தனை நாள் ரத்தக் கசிவு, நீர் வடிதல், வெடிப்பு, செதில் உதிர்வது, வறட்சி அல்லது சொரசொரப்பு என்று ஏழு கேள்விகள். ஒரு நாளும் இல்லை என்றால் 0, ஒன்றிரண்டு நாள் 1, மூன்று நான்கு நாள் 2, ஐந்தாறு நாள் 3, தினமும் என்றால் 4. கூட்டினால் அதிகபட்சம் 28. 8 முதல் 16 வரை நடுத்தரம், 17 முதல் 24 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. ஒழுங்கான சிகிச்சைக்குப் பிறகும் 17-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் உள்ளூர் கிளினிக்கோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு வாரமும் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமை கட்டத்தில் எழுதிவையுங்கள், டாக்டருக்கு நீங்கள் பத்து நிமிடம் விளக்குவதைவிட அந்த எண்கள் அதிகம் சொல்லும்.

படி 4: அப்பாயின்ட்மென்ட் எல்லாம் வேண்டாம், உடனே கிளம்ப வேண்டியவை

எக்ஸிமா உள்ள இடத்தில் திடீரென்று கொத்துக்கொத்தாக, ஒரே அளவில் சின்னக் கொப்புளங்கள், உடைந்தால் குத்தி எடுத்த குழி மாதிரி, அரிப்பைவிட வலி அதிகம், கூடவே காய்ச்சல்: இது ஹெர்பிஸ் வைரஸ் தோலில் பரவுவது. அம்மை என்று வேப்பிலை வைத்துக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அசைக்ளோவிர் மருந்து தொடங்க வேண்டும். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் இன்னும் அவசரம், பார்வைக்கே ஆபத்து.

மஞ்சள் பொருக்கு, சீழ், சூடு, காய்ச்சல் சேர்ந்தால் பாக்டீரியா தொற்று. உடம்பு முழுவதும் சிவந்து, உரிந்து, குளிரில் நடுங்கினால் படுக்கை போட்டுப் பார்க்க வேண்டிய நிலை.

எதையாவது சாப்பிட்டுச் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு, முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு, தொடர் வாந்தி, மூச்சு இழுப்பு, குரல் கம்முவது, மயக்கம் வந்தால் அது அனாஃபிலாக்ஸிஸ். 108-ஐ அழையுங்கள், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதே எண்தான். படுக்க வையுங்கள், மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம், எழுந்து நடக்க விடாதீர்கள். இதற்கு முதல் மருந்து தொடையின் வெளிப்புறத்தில் போடும் அட்ரினலின் ஊசி. அவில் போன்ற அரிப்பு மருந்து, ஸ்டீராய்டு எல்லாம் அதற்குப் பிறகுதான். வண்டன்மேடு பக்கத்துத் தோட்டத்தில் இருந்தால், மலை இறங்கிக் கம்பம் போய்விடலாம் என்று கணக்குப் போடாமல் அட்ரினலின் இருக்கும் மிகப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எந்த மாநிலம் என்று பார்க்க வேண்டாம். நெருக்கடி தாண்டிய பிறகு அலர்ஜி நிபுணரைப் பார்ப்பது கட்டாயம்.

படி 5: அலர்ஜி நிபுணர் யாருக்குத் தேவை

மேலே சொன்ன உடனடி எதிர்வினை, லேசாகவே வந்திருந்தாலும், முதல் காரணம். ஒரு முட்டைக்கு வாயைச் சுற்றித் தடித்தது, முந்திரிக்கு இருமல் வந்தது என்றால் அதை வீட்டில் மறுபடி கொடுத்துப் பார்க்கக் கூடாது.

இரண்டாவது, ஒரு வயதுக்குள் கடும் எக்ஸிமா வந்து, சரியான களிம்புக்கும் அடங்காத குழந்தை. அதிலும் எடை ஏறவில்லை, மலத்தில் ரத்தம், ஓயாத வாந்தி என்றால் பால் அலர்ஜி இருக்கலாம். நடுத்தர, கடும் எக்ஸிமா உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு ஏதாவது ஓர் உணவு அலர்ஜி இருப்பதாகச் சொல்கிறார்கள். மீதி இரண்டு பங்குக்கு இல்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். இதே வயதில் அடிக்கடி நிமோனியா, ஆறாத சீழ்க்கட்டி, சின்ன அடிக்கே ரத்தக்கட்டு என்றால் பிறவி எதிர்ப்புச் சக்திக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், குழந்தை மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள்.

மூன்றாவது, ஏற்கெனவே நீங்களாகவே இரண்டு மூன்று உணவுகளை நிறுத்திவிட்டீர்கள். இது நம் ஊரில் சாதாரணம். கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காயில் தொடங்கி கருவாடு, நண்டு, இறால், கடலை, முட்டை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும், கடைசியில் பாலும் போய் குழந்தை ரசம் சோறும் பிஸ்கட்டுமாக மெலிந்திருக்கும். இதில் பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. எக்ஸிமா உள்ள குழந்தை, தொந்தரவில்லாமல் சாப்பிட்டுவந்த உணவை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது, முன்பு இல்லாத உடனடி அலர்ஜி வரலாம். அதனால் நிறுத்தியதை மறுபடி தொடங்குவதற்குக்கூட நிபுணர் வேண்டியிருக்கும். தாய்ப்பால் கொடுப்பவர் தானாகப் பத்தியம் இருக்கவும் தேவையில்லை.

நான்காவது, எக்ஸிமாவோடு ஆஸ்துமாவோ ஓயாத தும்மலோ சேர்ந்தவர்கள். மலைப்பக்கத்து ஈரத்தில், வெயிலே படாத மெத்தையிலும் கம்பளியிலும் தூசிப்பூச்சி நன்றாகப் பெருகும்.

ஐந்தாவதை நம் பக்கத்தில் அதிகம் தவறவிடுகிறார்கள்: ஒட்டு ஒவ்வாமை. கைகளில் மட்டும், பாதத்தில் மட்டும், கண் இமையில், கழுத்தில் என்று இடம் குறித்து வருவது. வேலைக்குப் போகாத நாளில் குறைந்து, போனால் கூடுவது. திராட்சைத் தோட்டத்தில் மருந்து அடிப்பவர், சிமென்ட் கலவை போடும் கொத்தனார், ரப்பர் பூட்ஸும் கையுறையும் மாட்டிக்கொண்டு ஏலக்காட்டில் நிற்பவர், தலைக்கு டை அடிப்பவர், கவரிங் நகை போடுபவர். பள்ளத்தாக்கில் தரிசெல்லாம் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் செடி காற்றோடு வந்தே முகத்தையும் கழுத்தையும் கையையும் கருக்கிவிடும். சில சமயம் குற்றவாளி, நீங்கள் தேய்க்கும் களிம்பிலேயே இருக்கும் வாசனைப் பொருளாகவோ ஆன்டிபயாட்டிக்காகவோ இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் வேறு, பிறகு சொல்கிறேன்.

படி 6: யாரிடம், எங்கே

நம் ஊர்களில் அலர்ஜி என்று தனிப் போர்டு போட்டிருப்பவர் எல்லோரும் ஒரே படிப்புப் படித்தவர்கள் இல்லை. கடும் எக்ஸிமாவுக்கு முதல் வாசல் எம்.டி. படித்த தோல் மருத்துவர்தான். அவர் அனுப்பினால் உணவு அலர்ஜிக்குக் குழந்தை மருத்துவர், மூச்சுக் கோளாறு சேர்ந்தால் நெஞ்சக மருத்துவர், அவர்களில் அலர்ஜிப் பயிற்சி பெற்றவரைத் தேடுவது நல்லது.

தமிழ்நாட்டுப் பக்கம் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கு மேல் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கம் இருப்பவர்களுக்குக் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரி சுலபம். எந்தெந்த டெஸ்ட் எந்தக் கிழமை என்று முதல் முறை போகும்போதே கேட்டுவிடுங்கள், மலையிலிருந்து இறங்கி வந்து வெறுங்கையோடு திரும்புவது ஒரு நாள் கூலி. காப்பீட்டு அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பயன்படும்.

ரத்தத்தில் நூறு உணவுக்கு டெஸ்ட் என்று விளம்பரம் செய்யும் லேபுகளிடம் ஜாக்கிரதை. அதிலும் ரத்தத்தில் உள்ள ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவை வைத்து உணவு அலர்ஜி சொல்வது வெறும் காசு பிடுங்கல். அந்த உணவைச் சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான் அது காட்டும்.

படி 7: போவதற்கு முன் தயாராவது

பழைய ட்யூப், மாத்திரை அட்டை, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், காலி ட்யூப்பையும் சேர்த்து. எல்லையின் இரண்டு பக்கமும் காட்டியிருந்தால் இரண்டு சீட்டும் வேண்டும், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிய வழியில்லை. நீங்கள் போகிற நாளில் தோல் நன்றாக இருந்து தொலைக்கும், அதனால் மோசமாக இருக்கும் நாளில் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்துவையுங்கள். உணவில் சந்தேகம் என்றால் என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது என்ற மூன்றும் எழுதியிருக்க வேண்டும்.

தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் ஊசிக்குத்து டெஸ்டுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே அரிப்பு மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள்: சிட்ரிசின், லீவோசிட்ரிசின், ஹைட்ராக்சிசின் வகையறா. சளி சிரப்பிலும் மான்டிலூகாஸ்ட்டோடு கலந்த மாத்திரையிலும் இவை ஒளிந்திருக்கும். ஆஸ்துமா இன்ஹேலரை மட்டும் நிறுத்தாதீர்கள்.

படி 8: டெஸ்ட் நடக்கும் விதம்

ஊசிக்குத்து டெஸ்டில் முன்கையின் உட்பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு எண் எழுதுவார்கள். ஒவ்வொரு எண் பக்கத்திலும் ஒரு சொட்டு: தூசிப்பூச்சி, பால், முட்டை, மகரந்தம் என்று. சொட்டின் மேல் ஒரு குட்டி லேன்செட்டால் லேசாகக் குத்துவார்கள், ரத்தம் வராது, குழந்தைகள் குத்தலைவிடக் கையை ஆட்டாமல் வைத்திருப்பதற்குத்தான் அழும். ஒரு சொட்டு, அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின், அது கட்டாயம் தடிக்க வேண்டும். தடிக்கவில்லை என்றால் நீங்கள் மாத்திரையை நிறுத்தவில்லை என்று பிடிபட்டுவிடும். இன்னொன்று வெறும் உப்புநீர், அது தடிக்கக் கூடாது. பதினைந்து இருபது நிமிடத்தில், கொசு கடித்த மாதிரி எழும் தடிப்பை அளப்பார்கள், உப்புநீர்ப் புள்ளியைவிட 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். கை முழுக்கப் புண் இருந்தாலோ மாத்திரையை நிறுத்தவே முடியாது என்றாலோ அந்தந்தப் பொருளுக்கு எதிராக ரத்தத்தில் ஐ.ஜி.இ. என்ற அலர்ஜிப் புரதம் இருக்கிறதா என்று பார்க்கலாம். அதற்கு மாத்திரை தடையில்லை. மொத்த ஐ.ஜி.இ. ஆயிரக்கணக்கில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், கடும் எக்ஸிமாவில் அது அப்படித்தான் இருக்கும்.

ஒட்டு ஒவ்வாமைக்கு பேட்ச் டெஸ்ட். நிக்கல், குரோமேட், ரப்பர் ரசாயனம், வாசனைப் பொருள் எல்லாம் குட்டிக் கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டிவிடுவார்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள், மறுபடி நான்காம் நாள் வாக்கில் ஒரு பார்வை. திங்கள் ஒட்டினால் புதன், வெள்ளி போக வேண்டும். அத்தனை நாளும் முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்கக் கூடாது, அதனால் காட்டு வேலையும் கூடாது. தேனியிலோ மதுரையிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கேயே தங்கிவிடுவது அலைச்சலைக் குறைக்கும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், அது முடிவை மறைத்துவிடும்.

படி 9: ரிப்போர்ட்டைப் படிப்பது

பாசிட்டிவ் என்றால் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வைத்திருக்கிறது என்று மட்டும் அர்த்தம். அதைச் சாப்பிட்டால் தொந்தரவு வருகிறதா என்பது தனிக் கேள்வி. வாரம் நாலு முட்டை நிம்மதியாகத் தின்னும் பிள்ளைக்கு ரிப்போர்ட்டில் முட்டை என்று வந்ததற்காக நிறுத்தக் கூடாது. சந்தேகம் இருந்தால் டாக்டர் ஓர் உணவை மட்டும் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்தி, பிறகு தன் கண்காணிப்பில் திரும்பக் கொடுத்துப் பார்ப்பார். நிறுத்திய உணவுக்கு மாற்று என்ன என்று கேட்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள், முக்கியமாகப் பாலுக்கு. அரிசிக் கஞ்சித் தண்ணீர் பாலுக்கு ஈடில்லை.

அனாஃபிலாக்ஸிஸ் வந்தவர் என்றால் அவசரத்துக்கு என்ன செய்வது என்று எழுதி வாங்குங்கள். தானாகக் குத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனா நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைப்பது அரிது, அதனால் ஆம்பூலும் (கண்ணாடி மருந்துக் குப்பி) சிரிஞ்சும் எப்படி வைத்துக்கொள்வது, எத்தனை அளவு, யார் போடுவது என்று நர்ஸிடம் நேரில் பழகிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்திலும் ஒரு நகல் இருக்கட்டும்.

படி 10: அலர்ஜி ஒன்றும் இல்லை என்று வந்தால்

நிறையப் பேருக்கு இப்படித்தான் வரும், ஏமாந்துபோக வேண்டாம். களிம்பை மீறிய எக்ஸிமாவுக்கு இன்றைக்கு வழிகள் இருக்கின்றன. ஒளி சிகிச்சை, சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்சேட் போன்றவை பழையவை, அரசு மருத்துவமனைகளுக்குப் பழக்கமானவை. டுபிலுமாப் என்ற ஊசிக்கு அமெரிக்காவில் 2017-ல் பெரியவர்களுக்கும் 2022-ல் ஆறு மாதக் குழந்தை முதலும் அனுமதி கிடைத்தது. நன்றாக வேலை செய்கிறது, விலைதான் நம் கைக்கு எட்டாது. உபாடசிட்டினிப் போன்ற, எதிர்ப்புச் சக்தியின் தூண்டுதலைத் தடுக்கும் ஜேக் தடுப்பு மாத்திரைகள் வேகமாக அரிப்பை அடக்கும், ஆனால் தொடங்கும் முன் டி.பி. பரிசோதனை, ரத்த அணுக்கள், கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும், பிறகும் அவ்வப்போது ரத்தம் கொடுக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்திருந்தால் மறைக்காதீர்கள். கர்ப்பமாக இருப்பவரும் குழந்தை வேண்டும் என்று நினைப்பவரும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மெத்தோட்ரெக்சேட் கருவுக்கு ஆகாது. குழந்தைக்குத் தடுப்பூசி ஏதாவது பாக்கி இருந்தால் இந்த மருந்துகளுக்கு முன்பே போட முடியுமா என்று கேளுங்கள், உயிருள்ள தடுப்பூசிகளை இவற்றோடு சேர்த்துப் போட மாட்டார்கள். எதைத் தொடங்கினாலும் வாசலினை நிறுத்தச் சொல்லவில்லை, காலண்டரில் எழுதும் மதிப்பெண்ணையும்தான். அடுத்த முறை போகும்போது மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று டாக்டர் முடிவெடுக்க அந்த எண்கள் வேண்டும்.